துணைக்கு பைபோலார்: இருப்பதா, விலகுவதா?

தே வரட்டும், நிதானமாகப் பேசுவோம். துணைக்கு பைபோலார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்; இனி அவரோடு வாழ்வதா, விலகுவதா என்பது ஒரு தே ஆறுவதற்குள் முடிகிற பேச்சு இல்லை. ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் மாசாயிலும் கூலாயிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி கதவுக்கு உள்ளேயே புழுங்கிக்கொண்டிருக்கிறது. வெளியே தெரிந்தால் 'தம்போய் கேஸ்' என்று பெயர் விழுந்துவிடுமே என்ற பயம்.

அந்தத் தம்போயிலிருந்தே தொடங்கலாம். அங்கே இருப்பது 1937-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை. 1941-இன் இறுதியில், ஜப்பானியர் வருவதற்குச் சற்று முன்பு, ஆஸ்திரேலியப் படையின் மருத்துவமனை அங்கே இயங்கியது. இன்று அதற்குப் பெர்மாய் மருத்துவமனை என்று பெயர். பேராக், சபா, சரவாக் மாநிலங்களில் இருப்பவற்றோடு சேர்த்து நாட்டின் நான்கு பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. இத்தனை காலமாக ஊருக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் இடத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதனால் முதல் தடவை தூக்கம் கெட்டபோதே அங்கே போயிருக்க வேண்டியவர், வேலையும் சேமிப்பும் போன பிறகு போலீஸ் வண்டியில் போகிறார். கணவன் மனைவி பிரிவதா என்ற கேள்வி பெரும்பாலும் அந்த நாளில்தான் எழுகிறது. முடிவெடுக்க அதைவிட மோசமான நாள் கிடையாது.

நான் சொல்ல வருவது இதுதான். நோயின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். நோய் அடங்கியிருக்கும் நாட்களில் உங்கள் துணை அதற்கு என்ன செய்கிறார் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். இது ஏன் என்று புரிய, நோயின் போக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பைபோலாரில் மனநிலை இரண்டு பக்கமும் எல்லை மீறும். ஒரு பக்கம் மிகை எழுச்சி. இரவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தூங்குவார், ஆனால் சோர்வே தெரியாது. பேச்சு நிற்காது. புதுத் தொழில், புதுக் கார், கையில் இல்லாத பணத்தில் பெரிய திட்டம். தடுத்தால் எரிச்சல், சில சமயம் ஆங்காரம். உடல் இச்சை கட்டுமீறி, மூன்றாவது ஆள் உறவுக்குள் வருவதும் உண்டு. இது ஒரு வாரமாவது நீடித்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனாலோ முதல் வகை என்கிறார்கள். இரண்டாம் வகையில் எழுச்சி மிதமானது, நான்கு நாட்களாவது இருக்கும். பார்ப்பவர்களுக்கு 'சுறுசுறுப்பா இருக்காரே' என்றுகூடத் தோன்றும். மறுபக்கம் சோர்வு. குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலும் மாதக்கணக்கு. குளிக்க மாட்டார், பேச மாட்டார், பிள்ளையைத் தூக்க மாட்டார். பலருக்கு நோய்க்காலத்தின் பெரும்பகுதி இந்தச் சோர்விலேயே கழிகிறது. இரண்டுக்கும் நடுவே, நீங்கள் விரும்பிக் கட்டிக்கொண்ட அதே மனிதர் திரும்பி வருகிறார். துணையாக இருப்பவரைச் சுழற்றி அடிப்பது இதுதான்: இந்த மூன்று பேரில் என் ஆள் யார்?

நலமாக இருக்கும்போது இருப்பவர்தான் உங்கள் ஆள். கணக்கு கேட்க வேண்டியதும் அவரிடம்தான்.

உலகம் முழுவதும் ஏறக்குறைய 4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. பெரும்பாலும் இது தொடங்குவது பதின்ம வயதின் முடிவிலும் இருபதுகளிலும், நாம் பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் தொடங்கும் அதே வயதில். அதனால்தான் பல வீடுகளில் கல்யாணத்துக்குப் பிறகு வெளிப்படுகிறது. சில வீடுகளில் முன்பே தெரிந்தும், 'கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்' என்று மறைத்துவிடுகிறார்கள். இதைச் சொல்லும் பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். ஆனாலும் அது அநியாயம். கல்யாணம் எந்த மனநோய்க்கும் மருந்தாகாது. சீர், சடங்கு, விருந்து, தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் சேர்ந்து நோயைக் கிளப்பிவிடவும் செய்யும்.

நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. யாரும் உற்சாகமாக இருக்கும்போது டாக்டரிடம் போவதில்லை. சோர்ந்து கிடக்கும்போதுதான் போகிறார்கள். டாக்டரும் வெறும் மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டு அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், அது சிலரை மறுபக்கம் எழுச்சிக்குத் தள்ளிவிடும். எழுச்சி நாட்களைப் பார்த்த சாட்சி நீங்கள்தான். உள்ளே போய் அதைச் சொல்லுங்கள். எந்த மாதம், எத்தனை நாள் தூங்கவில்லை, எவ்வளவு செலவு செய்தார் என்று எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு அது பெரிய உதவி. குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவரிடம் 5 ரிங்கிட். பணம் இல்லை என்பதால் யாரும் இந்த வைத்தியத்தை விட வேண்டியதில்லை.

மருந்தைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேர்ந்து வாழ்வது பாதி இதில்தான் நிற்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் லித்தியம் என்ற உப்பு மிகை எழுச்சியை அடக்குவதைக் கண்டு எழுதினார். இன்றும் அது முன்வரிசை மருந்து. தற்கொலை ஆபத்தையும் குறைக்கிறது. ஆனால் அது ரத்தத்தில் ஒரு சிறிய வரம்புக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் பயன் இல்லை, கூடினால் நஞ்சு. அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கூடவே சிறுநீரகமும் தைராய்டும் பார்க்கிறார்கள். நம் வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் லித்தியம் ஏறும். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தாலும் அப்படித்தான். பல்வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் நாம் யோசிக்காமல் போடுகிறோமே பொன்ஸ்தான், அதுவும் அதைச் சேர்ந்த வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும், பனடோல் பரவாயில்லை. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து வெயிலில் காவடி எடுப்பவர் என்றால், விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டாக வேண்டும். வேண்டுதலை நிறுத்தச் சொல்லவில்லை. தண்ணீர், உப்பு, மருந்து மூன்றையும் எப்படிச் சரிக்கட்டுவது என்று கேட்கச் சொல்கிறேன். கை அதிகமாக நடுங்கினால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு இன்னொரு எச்சரிக்கை: வால்ப்ரோயேட் என்ற மருந்தைக் கருவுற்றிருக்கும்போது எடுத்தால், பத்துக்கு ஒரு குழந்தை என்ற அளவில் பிறவிக் குறைபாடு வரும். தானாக நிறுத்துவதும் ஆபத்துதான். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தூக்கம். நம் ஊரில் இதைப் பேசாமல் பைபோலாரைப் பேச முடியாது. காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக் கடற்பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸுக்கும் துவாஸுக்கும் போகிறவர்கள் எத்தனை பேர்! ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறுவாரம் இரவு ஷிஃப்ட். சிங்கப்பூர் வெள்ளி நல்ல காசுதான். ஆனால் இந்த நோய் உள்ளவருக்குத் தூக்கம் தொடர்ந்து கெடுவது எழுச்சியைத் தூண்டும் காரணங்களில் முதன்மையானது. 'நம்ம வீட்ல மட்டும் ஏன் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இப்படி ஆகுது' என்று கோயில் கோயிலாகப் போகும் குடும்பம், ஷிஃப்ட் அட்டவணையை எடுத்துப் பார்ப்பதில்லை. கும்பிடுவது உங்கள் விருப்பம். அதோடு அட்டவணையையும் பாருங்கள். சம்பளம் குறைந்தாலும் பகல் வேலைக்கு மாற உங்கள் துணை சம்மதிக்கிறாரா? அந்தச் சம்மதம் உங்கள் முடிவுக்கு ஒரு முக்கியமான தடயம்.

பணமும் அப்படித்தான். எழுச்சிக் காலத்தில் சேமிப்பு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 2024 மே மாதம் முதல் இபிஎஃப் சேமிப்பில் மூன்றாவதாக ஒரு நெகிழ்வுக் கணக்கு இருக்கிறது. வேண்டும்போது கைப்பேசியிலேயே எடுக்கலாம். அவசரத்துக்கு நல்ல ஏற்பாடு. எழுச்சியில் இருப்பவருக்கோ விடிகாலை மூன்று மணிக்குத் திறந்து கிடக்கும் கஜானா. அதுவும் தீர்ந்தால் ஆலோங் என்ற கந்துவட்டிக்காரன். ஆலோங் கடன் உங்கள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயமாக வந்து நிற்கும். கையெழுத்துப் போட்டவர் நோயாளியா என்று அவன் கேட்க மாட்டான். ஆகவே உங்கள் சம்பளம் போகும் கணக்கு உங்கள் பெயரில் தனியாக இருக்கட்டும். கூட்டுக் கணக்கில் வீட்டுச் செலவுக்கு மட்டும் போடுங்கள். யாருடைய கடனுக்கும் ஜாமீன் கையெழுத்து வேண்டாம். தங்குவதாக முடிவெடுத்தாலும் இவை வேண்டும். விலகுவதாக இருந்தால் இன்னும் அதிகமாக வேண்டும்.

இனி, உங்கள் கேள்விக்கு வருவோம்.

அவர் நலமாக இருக்கும் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போலீஸ்காரர் மாதிரி நிற்காமலே மருந்தை எடுக்கிறாரா? கிளினிக் தேதிக்குப் போகிறாரா? உங்களையும் உள்ளே அழைத்துப் போக, உங்களோடு பேச டாக்டருக்கு அனுமதி கொடுக்கச் சம்மதிக்கிறாரா? போன தடவை நடந்ததைப் பேச முடிகிறதா, இல்லை 'ஒண்ணும் நடக்கல, நீதான் பெரிசாக்குற' என்கிறாரா? அடுத்த தடவைக்கு ஒரு தாளில் எழுதி வைக்கலாம்: எந்த அறிகுறி தெரிந்தால் நீங்கள் சொல்லலாம், அப்போது வங்கி அட்டையையும் வண்டிச் சாவியையும் யாரிடம் கொடுப்பார், எந்த மருத்துவமனை, பிள்ளைகள் யார் வீட்டில். நலமாக இருக்கும் நாளில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் மனிதரோடு வாழ்வது கடினம், ஆனால் முடியும். போட மறுப்பவரோடு உங்கள் அன்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், வாழ்க்கை நோய் சொல்கிறபடிதான் போகும்.

மருந்தை ஒருமுறை நிறுத்தினாலே கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இந்த நோயைப் பற்றி உலகமே படிக்கும் நூல் ஒன்றை 1995-இல் எழுதிய கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் ஓர் உளவியலாளர், மனநல மருத்துவத் துறைப் பேராசிரியர். அவருக்கே இந்த நோய். அவரே தொடக்க ஆண்டுகளில் லித்தியத்தை எடுப்பதும் விடுவதுமாக இருந்து, தற்கொலை முயற்சி வரை போய் மீண்டார். பிறகு நிலைத்தார், வேலை பார்த்தார், நல்ல மணவாழ்க்கை வாழ்ந்தார். பலருக்கு 'எனக்கு நோய் இருக்கிறது' என்று ஒப்புக்கொள்ளவே சில ஆண்டுகள் பிடிக்கிறது. அந்த ஆண்டுகளைக் கொடுப்பதா என்பது உங்கள் உரிமை. கொடுத்தால் நீங்கள் ஏமாளி இல்லை, கொடுக்காவிட்டால் கல்நெஞ்சக்காரரும் இல்லை.

ஜெர்ரி பிண்டோவின் ஆங்கில நாவல் 'எம் அண்ட் தி பிக் ஹூம்' 2012-இல் வந்தது. மும்பையில் ஒரு சிறிய வீடு, பைபோலார் உள்ள அம்மா, விட்டுப்போகாத அப்பா. அந்த அப்பாவின் பொறுமையைப் படித்தால் மனம் நெகிழும். ஆனால் கதையைச் சொல்வது மகன். அம்மாவின் நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தோடு அவன் வளர்கிறான். தங்கியிருப்பதன் விலையைப் பெரியவர்கள் மட்டும் கொடுப்பதில்லை. (பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. பயந்து ஒளிக்க வேண்டிய அளவில்லை, கண்காணிக்க வேண்டிய அளவு.) பிள்ளைகளிடம் அவர்கள் வயதுக்கு ஏற்றபடி உண்மையைச் சொல்லுங்கள். அப்பா கோபத்தில் கத்தியதற்கு நான்தான் காரணம் என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டே தூங்கப் போகக் கூடாது.

அடியைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். பைபோலார் உள்ள பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு எந்த மனநோயும் இல்லை. மனநிலை சீராக இருக்கும் நாளிலும் கை ஓங்குகிறவர் என்றால் அது குணம்; மருந்து அதற்கு வேலை செய்யாது. எழுச்சியில் அடித்தார் என்றாலும் உங்கள் உடம்பில் படும் வலி அதே வலிதான். இருப்பதா விலகுவதா என்பதைப் பிறகு யோசிக்கலாம். அன்றிரவு பிள்ளைகளோடு வெளியேறிவிடுங்கள்; அதற்கு யோசிக்கவே வேண்டாம். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்தின்படி, சமூகநலத்துறை அதிகாரியே ஏழு நாட்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். நீதிமன்றம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அழைக்க வேண்டிய எண் 15999. துணை தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலைக்குப் போனால், 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி போலீஸாரோ சமூகநல அதிகாரியோ அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம். உறவினர் விண்ணப்பித்து மருத்துவர் பரிந்துரைத்தும் சேர்க்கலாம். அதைச் செய்வதற்குப் பெயர் காட்டிக்கொடுப்பது இல்லை.

நம் சமூகத்தின் ஓரவஞ்சனை ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. நோய் கணவனுக்கு என்றால், 'பொறுத்துக்கோம்மா, உன் புருஷன்தானே' என்கிறார்கள். அதே நோய் மனைவிக்கு என்றால், மூன்றாம் மாதமே தாய்வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள், சில சமயம் கைக்குழந்தையைப் பறித்துக்கொண்டு. முதல் வகை பைபோலார் உள்ள பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் நோய் கடுமையாகத் திரும்பும் ஆபத்து மிக அதிகம் என்பது மருத்துவத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். முன்கூட்டியே திட்டமிட்டால் பெருமளவு தடுக்கலாம். அந்த வாரங்களில் ஒரு பெண் நடந்துகொண்டதை வைத்து அவள் மனைவியாகவும் தாயாகவும் தகுதியற்றவள் என்று தீர்ப்பெழுதுவது கொடுமை. கணவனுக்கு எந்த அளவுகோலோ மனைவிக்கும் அதே அளவுகோல்தான்.

நோயின் பெயரை அல்ல, நடத்தையைப் பார்க்க வேண்டும் என்ற இடத்துக்கே சட்டமும் ஏறக்குறைய வந்து நிற்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் (முஸ்லிம் தம்பதியர் ஷரியா நீதிமன்றம் போக வேண்டும்). திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால், இருவரும் ஒத்துக்கொண்டு பிரியலாம். ஒருவர் மட்டும் கேட்டால், மணவாழ்க்கை மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்ட வேண்டும். அதற்கு வழி, சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்குத் துணையின் நடத்தை இருந்தது என்பது; அல்லது இரண்டு ஆண்டு பிரிந்திருத்தல் போன்றவை. வழக்குக்கு முன் தேசியப் பதிவுத்துறையின் சமரசக் குழுவிடம் போக வேண்டும்; துணைக்குத் தீராத மனநோய் என்று சொன்னால் அதிலிருந்து விலக்கு உண்டு. திருமணத்தின்போதே மணவாழ்க்கைக்குத் தகுதியற்ற அளவு மனநோய் இருந்திருந்தால் அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கக் கோரலாம். ஆனால் நோய் இருந்தது என்பது மட்டும் போதாது. அதன் கடுமையை நிறுவ வேண்டும். இங்கிலாந்தில் 1972-இல் இதே நோயுள்ள ஒரு கணவரின் வழக்கில், நோய் இருந்தாலும் நடத்தை நடத்தைதான் என்று பார்த்து மனைவிக்கு விடுதலை கொடுத்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றமோ 2013-இல் ஆந்திர வழக்கொன்றில், மனைவிக்கு மனச்சிதைவு நோய் என்று காரணம் காட்டிய கணவருக்கு மணவிலக்கு தர மறுத்தது. அந்தப் பெண் மேற்படிப்பு முடித்து அரசு மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தீர்ப்புகளும் எதிரெதிர் போலத் தெரியும். இரண்டுமே நோயின் பெயரைத் தாண்டி, அந்த வீட்டில் நடந்தது என்ன என்று பார்த்தவை.

விலகுவதாக முடிவெடுத்தால், ஆழ்ந்த சோர்வில் கிடப்பவரிடமோ, வார்டிலிருந்து வந்த வாரத்திலோ தனியாக உட்கார வைத்துச் சொல்லாதீர்கள். ஆபத்து கூடிய காலம் அது. அவர் டாக்டருக்கும் அண்ணன் தங்கைக்கும் முன்கூட்டித் தெரியட்டும், அன்று ஒருவர் அவரோடு இருக்கட்டும். 'நீ போனா செத்துருவேன்' என்றால் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். மனநல உதவிக்கு 15555 என்ற எண் இருக்கிறது. தற்கொலை முயற்சி இங்கே குற்றம் என்ற சட்டம் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் கேஸ் ஆகுமே என்று தயங்க வேண்டாம். அவர் உயிரைக் காக்க உதவி அழைப்பது உங்கள் கடமை. அந்த மிரட்டலுக்காகவே வாழ்நாள் முழுக்க அங்கே இருப்பது உங்கள் கடமை இல்லை.

தங்குவதாக முடிவெடுத்தால் வேலையை விடாதீர்கள். உங்கள் தூக்கத்தையும் ஒரு நெருங்கிய தோழியையும் விடாதீர்கள். குத்திக்காட்டலும் ஏச்சும் மிகுந்த வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே மாமியாரையும் நாத்தனாரையும் ஒருமுறை டாக்டர் முன் உட்கார வையுங்கள். வேலை இழந்தவருக்கு மெந்தாரி சமூக மனநல மையங்கள் வேலை தேடித் தரவும் உதவுகின்றன. நீண்டகாலம் சிகிச்சையில் இருப்பவர் சமூகநலத்துறையில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்று தங்குவதாக எடுத்த முடிவு தாலியைப் போல நிரந்தரமானது என்றும் நினைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, இருவரும் நலமாக இருக்கும் ஒரு நாளில், மேலே சொன்ன கேள்விகளை மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அவருடைய அடுத்த கிளினிக் தேதி எப்போது என்று அட்டையைப் பாருங்கள். அன்றைக்கு ஒரு நாள் லீவு எடுத்து, உங்கள் கேள்விகளை எழுதிக்கொண்டு, அவரோடு நீங்களும் போய் வாருங்கள். வர வேண்டாம் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.